ஈரக் கைக்கு எட்டும் திரை

கோவை கணபதியில் ஒரு பேனல் பட்டறை. முன்பக்கம் ஒயர் வெட்டுகிறார்கள், லக்கு அடிக்கிறார்கள், ஃபெரூல் மாட்டுகிறார்கள். பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் ஓர் இளைஞர் திரை வரைகிறார். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் சாஃப்ட் ஃப்ளோ மெஷின்களுக்கு இங்கிருந்துதான் கன்ட்ரோல் பேனல் போகிறது. பேனல் கதவில் பதிக்கும் தொடுதிரைக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் எச்எம்ஐ. மெஷினை ஓட்டுவது உள்ளே இருக்கும் பிஎல்சி. அது என்ன செய்கிறது என்று ஆபரேட்டருக்குக் காட்டுவதும், அவர் சொல்வதை வாங்கி அதனிடம் சேர்ப்பதும் இந்தத் திரை.

பழைய மென்பொருளில் பம்பை வரைந்தால் அது வெறும் படம்தான். பத்துப் பம்புக்குப் பத்து முறை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் முகவரியைத் தனித்தனியே தட்ட வேண்டும். ஓர் எண் பிசகினால், இரண்டாம் பம்ப் ஓடும்போது திரையில் மூன்றாம் பம்ப் பச்சையாகும். சீமென்ஸின் டிஐஏ போர்ட்டலில் இப்போது ஃபேஸ்பிளேட் என்ற அச்சு இருக்கிறது. ஓட்டம், ட்ரிப், ஆட்டோ, மேனுவல் எல்லாம் ஒரே கட்டாக அதற்குள் அடங்கிவிடும். அச்சில் திருத்தினால் போதும், எல்லாத் திரையும் திருந்திவிடும். அதே நிறுவனத்தின் வின்சிசி யூனிஃபைடில் திரை எச்டிஎம்எல்5-இல் ஓடுகிறது, படங்கள் எஸ்விஜி, நிரல் எழுத ஜாவாஸ்கிரிப்ட். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடைவதில்லை. வெயின்டெக்கின் ஈஸிபில்டர் புரோவில் பேனல் கையில் இல்லாமலே கணினியில் திரையை ஓட்டிப் பார்க்கலாம். வயரிங் முடியும் முன்பே பாதிப் பிழைகளை இளைஞர் பிடித்துவிடுகிறார்.

நான் மனம் நிறைந்து பார்த்தது தமிழ் எழுத்தை. பழைய பேனல்களில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறும். அதனால் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் படமாகச் செய்து ஒட்டியிருக்கிறார்கள். பட்டன் பெயருக்கு அது போதும். பட்டியலிலிருந்து தானாக வரும் அலாரம் வாசகத்துக்கு அந்த வழி உதவவில்லை, அது ஆங்கிலத்திலேயே நின்றது. ஆக, மெஷின் நன்றாக ஓடும்வரை ஆபரேட்டரோடு தமிழில் பேசிய திரை, கோளாறு வந்த நிமிடத்தில் அவருக்குப் புரியாத மொழிக்குப் போயிற்று. இன்று இந்த இளைஞர் வரையும் திரையில் “மூடி சரியாகப் பூட்டவில்லை” என்று பிழையில்லாமல் வருகிறது. புதிய வசதிகளில் முதல் இடம் இதற்கே என்பேன்.

மென்பொருளோடு வரும் படக்களஞ்சியத்தில் பளபளக்கும் தொட்டிகள், சுழலும் விசிறிகள், குமிழி விடும் குழாய்கள் ஏராளம். மெஷின் வாங்க வரும் முதலாளிகளுக்கு அவை பிடிக்கும். அமெரிக்காவின் ஐஎஸ்ஏ அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஐஎஸ்ஏ-101 தரநிலையை ஒட்டி வரைபவர்கள் வேறு வழி போகிறார்கள். பின்னணி மங்கலான சாம்பல், இயல்பாக ஓடுவது எதற்கும் பகட்டு நிறம் கிடையாது, சிவப்பும் மஞ்சளும் கோளாறுக்கு மட்டும். என் வாக்கு இவர்களுக்குத்தான். 1994 ஜூலையில் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய கடைசிப் பதினோரு நிமிடங்களில் ஆபரேட்டர்கள் முன் வந்து குவிந்த அலாரங்கள் 275. அத்தனையும் கூவினால் எதைக் கேட்பது? 2005-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி ஆலை விபத்தில் 15 பேர் இறந்தார்கள். அங்கே கோபுரத்துக்குள் போகும் திரவத்தின் அளவு ஒரு திரையிலும் வெளியேறும் அளவு வேறொரு திரையிலும் இருந்தன. உள்ளே நிறைந்துகொண்டே போவதை ஒரே பார்வையில் காண வழியில்லை. விபத்துக்கு வேறு காரணங்களும் பல உண்டு என்றாலும், திரையின் பங்கை விசாரணை அறிக்கை தெளிவாகவே சொல்கிறது.

சாயங்காலம் அந்த இளைஞரோடு திருப்பூர் போனேன். சாயப்பட்டறைக்குள் நீராவி, வெக்கை, காலடியில் தண்ணீர். ஆபரேட்டர் ரப்பர் கையுறையோடு, சில நேரம் சாயம் படிந்த ஈர விரலோடு திரையைத் தொடுகிறார். கைபேசி போன்ற கண்ணாடித் திரை இங்கே ஒத்துவராது, அழுத்தினால் வேலை செய்யும் ரெசிஸ்டிவ் திரைதான் சரி. பட்டன்கள் கட்டைவிரலை விடப் பெரிதாக, இடைவெளி விட்டு இருக்க வேண்டும்.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஓடிக்கொண்டிருந்தது, 60 டிகிரியில். சோடாவை மெல்ல மெல்ல விட வேண்டிய கட்டம். அவசரப்பட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்துவிடும், லாட் முழுக்க வீண். ஆபரேட்டர் டோசிங் திரைக்கும் வெப்பநிலைத் திரைக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தார்.

“தம்பி, டோசிங்கைப் பாத்தா டெம்பரேச்சர் போயிருது. ரெண்டும் ஒண்ணா வரோணும்.”

“சரிங்ணா.”

டெக்சாஸ் சிட்டியின் பெயரைக்கூட அவர் கேட்டிருக்க மாட்டார். அந்த அறிக்கை கண்ட குறையை அவர் கண்ணும் விரலும் கண்டுபிடித்திருந்தன. இளைஞர் மடிக்கணினியைத் திறந்து, வெப்பநிலைக் கோட்டுக்குக் கீழே சோடாத் தொட்டியின் மட்டத்தையும் மீதி நேரத்தையும் கொண்டுவந்தார். டவுன்லோட் ஆகும்போது திரை சற்று நேரம் இருண்டுவிடும். பிஎல்சி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனாலும் டோசிங் முடிந்து வாஷிங் வரும்வரை அவர் கை வைக்கவில்லை.

புதுத் திரை வந்ததும் ஆபரேட்டர் கையுறையோடு ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தார். ஹோல்டும் டிரெய்னும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, கை தவறினால் சாயத் தண்ணீர் மொத்தமும் போய்விடும் என்றார். டிரெய்ன் எதிர் மூலைக்குப் போனது, அதை அழுத்தினால் “நிச்சயமா?” என்று ஒரு கேள்வியும் சேர்ந்தது. பக்கத்து மெஷினில் நிற்கும் ஒடிசாப் பையனுக்கு அலாரம் ஒடியாவில் வருமா என்று அடுத்துக் கேட்டார். இளைஞர் ஒடியா எழுத்துரு ஒன்றை ஏற்றிப் பார்க்கத் தொடங்கினார்.