கிழங்கு வீசிய இருவர்

கடல் ஆராய்ச்சி என்றாலே பெரிய கப்பலும் கோடிக்கணக்கில் பணமும் வேண்டும் என்று யாராவது சொன்னால், நான் பார்ஸ்னிப் கதையை எடுத்துவிடுவேன்.

ஸ்காட்லாந்தில் லாக் லாங் என்று நீளமான கடற்கழி ஒன்று உண்டு. லூயி ஃப்ரை ரிச்சர்ட்சனும் ஹென்றி ஸ்டாமெலும் அதில் பார்ஸ்னிப் கிழங்குத் துண்டுகளை இரண்டிரண்டாகப் போட்டார்கள். பார்ஸ்னிப் காரட்டுக்குப் பங்காளி, நிறம்தான் வெளுப்பு. இரண்டு துண்டுக்கும் நடுவே இப்போது எவ்வளவு தூரம், கொஞ்ச நேரம் கழித்து எவ்வளவு? அளந்தது அவ்வளவுதான். ரிச்சர்ட்சன் அப்போது அறுபதைத் தாண்டியவர். வானிலையைக் கணக்குப் போட்டே சொல்லலாம் என்று 1922-இல் புத்தகம் எழுதியவர். போரை வெறுத்ததால், வானிலைத் துறை விமான அமைச்சகத்தின் கீழ் போனதும் வேலையை உதறியவர். ஸ்டாமெலுக்கு முப்பதுகூட ஆகவில்லை. 1948-இல் அவர்கள் எழுதிய கட்டுரை எந்தக் கூச்சமும் இல்லாமல் பார்ஸ்னிப்பிலேயே தொடங்குகிறது.

ஏன் அந்தக் கிழங்கு? ஏறக்குறைய முழுக்க முங்கியே மிதக்கும், காற்று பிடித்துத் தள்ளாது. கண்ணுக்கும் நன்றாகத் தெரியும். நம்மூர்த் தேங்காய் இதற்கு ஆகாது. தலையைத் தூக்கிக்கொண்டு காற்று சொன்ன பக்கம் போய்விடும்.

ராமேசுவரத்தில் ஒரு படகுத்துறையில் நான் எலுமிச்சம்பழத்தைப் போட்டுப் பார்த்தேன். சாண் இடைவெளியில் விட்ட இரண்டும் வெகுநேரம் சேர்ந்தே ஆடிக்கொண்டிருந்தன. துறையின் தூணைச் சுற்றி வந்த சுழி இரண்டையும் சேர்த்தே இழுத்தது, சேர்த்தே விட்டது. அடுத்த சுழியின் ஓரத்தில் ஒன்று மட்டும் மாட்டியதும் சாண் முழமாயிற்று. அதன் பிறகு எல்லாம் அவசரம்தான். முழம் பாகமாகி, பாகம் படகு நீளமாகி, ஒரு பழம் கட்டியிருந்த படகுகளுக்கு நடுவே மறைந்தது.

இதைத்தான் ரிச்சர்ட்சன் கணக்காக்கினார். சாண் இடைவெளியில் இருப்பவற்றைச் சாண் அளவுச் சுழிதான் பிரிக்கும். பெரிய சுழி இரண்டையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். விலக விலக, இன்னும் பெரிய சுழிகளும் பிரிக்கும் வேலைக்கு வந்து சேரும். இடைவெளி 10 மடங்கானால் பரவல் திறன் 20 மடங்குக்கு மேல் ஆகிறது. காற்றுமண்டலத்துக்கு 1926-இலேயே அவர் சொன்ன விதி இது. கழித்தண்ணீரும் அதையே சொன்னது.

ஆற்றல் இறங்குவது எதிர்த்திசையில். பெரிய சுழி உடைந்து சிறியதாக, அது இன்னும் சிறியதாக, பெரிய நோட்டு சில்லறையாவதுபோல ஆற்றல் கைமாறும். (நூறு கிலோமீட்டர் அகலச் சுழல்களுக்கு இது பொருந்தாது, அவற்றின் போக்கே தனி.) சில மில்லிமீட்டருக்கு வந்ததும் நீரின் பிசுக்கு அதற்குமேல் சுழல விடாது, மிச்சம் வெப்பமாகிவிடும். அமைதியான ஆழ்கடலில் அது கிலோ தண்ணீருக்கு ஒரு வாட்டில் 100 கோடியில் ஒரு பங்கு என்கிற அளவில்தான் இருக்கும். இதை மட்டும் நம்பினால் அந்தத் தண்ணீர் 1 டிகிரி சூடேற 1 லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

வெப்பத்தை விடுங்கள், சுழிகள் உடையும்போது நடக்கும் கலக்கல்தான் முக்கியம். துருவப் பக்கத்தில் குளிர்ந்து கனத்த நீர் அடிக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேலிருந்து வெப்பம் கீழே கலக்காவிட்டால் ஆழ்கடல் முழுக்க அதுவே தேங்கிவிடும். அதற்கு எவ்வளவு கலக்கல் வேண்டும் என்று கடலியலாளர் வால்டர் மங்க் 1966-இல் கணக்கிட்டார்.

1992-இல் ஜிம் லெட்வெல் குழுவினர் கேனரித் தீவுகளுக்கு மேற்கே, சுமார் 300 மீட்டர் ஆழத்தில், சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு என்ற வேதிப்பொருளை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் அதைத் தேடிப் போய் அளந்தார்கள். பார்ஸ்னிப்பின் வாரிசு என்று இதைச் சொல்லலாம், செலவுதான் அதிகம். பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவியிருந்தது. மேல்கீழாகச் சில பத்து மீட்டர்தான். இந்த மேல்கீழ்க் கலக்கல் மங்க் கேட்டதில் பத்தில் ஒரு பங்குதான்!

மீதியைத் தென் அட்லாண்டிக்கில், பிரேசில் படுகை என்ற கடல்பள்ளத்தின் ஆழத்தில் தேடினார்கள். கடலடிச் சமவெளிக்கு மேல் தண்ணீர் சும்மா கிடந்தது. நடு அட்லாண்டிக் மலைத்தொடரின் கரடுமுரடான சரிவுகளுக்கு மேலோ மங்க் கேட்டதைவிடவும் அதிகமாகக் கலங்கியது. ஓதம் அந்த மேடுகளின் மேல் நீரை முன்னும் பின்னும் இழுக்க, கடலுக்குள்ளேயே அலைகள் கிளம்பி உடைகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெருகும்போது அவ்வளவு ஆழத்திலும் கலக்கல் கூடுகிறது. கடல் முழுக்கச் சமமாகக் கலங்கும் என்று நினைத்ததுதான் கணக்கு இடித்ததற்குக் காரணம்.

1998-இல், எண்பதைத் தாண்டிய மங்க், கார்ல் வுன்ஷுடன் சேர்ந்து கணக்கை மறுபடி எடுத்தார். கலக்கலுக்குத் தேவை சுமார் 2 டெராவாட். ஏறக்குறையப் பாதி காற்று தருகிறது, பாதி ஓதம் தருகிறது என்றார்கள். இந்தப் பங்கீட்டைப் பற்றிய சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை.