தட்டுகளைச் சுழற்றியவர்

எங்கள் இலக்கியக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர் விழாக்களில் டிஜேயாக இருந்தார். "இதில் உங்கள் சொந்தப் படைப்பு எது?" என்று ஒருமுறை அவரைக் கேட்டுச் சிரித்தோம். அதன்பின் அவர் வரவில்லை. ஃப்ராங்கி நக்கிள்ஸைப் பற்றி அறிந்தபோது அந்தச் சிரிப்பு எங்களை உறுத்தியது.

1955இல் நியூயார்க்கில் பிறந்த நக்கிள்ஸ், 1977இல் சிகாகோவின் 'வேர்ஹவுஸ்' நடனக்கூடத்தில் இசைத்தட்டுகளைச் சுழற்ற வந்தார். அங்கு ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இனத் தற்பாலீர்ப்பாளர்கள். பிற இடங்களில் வரவேற்பற்றவர்கள். 1979 ஜூலை 12 அன்று, அதே நகரின் பேஸ்பால் மைதானம் ஒன்றில், பெருங்கூட்டத்தின் ஆரவாரத்துக்கிடையே டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

நக்கிள்ஸோ அந்த இசையையே கையில் எடுத்தார். ஒலிநாடாவை வெட்டி ஒட்டித் தாளப்பகுதிகளை நீட்டினார். பின்னர் தாள இயந்திரத்தையும் சேர்த்துக்கொண்டார். கூடத்தின் பெயரே சுருங்கி 'ஹவுஸ்' என்னும் இசை வகைக்குப் பெயராயிற்று. 1998இல் ரீமிக்ஸ் கலைக்கான கிராமி விருது அவருக்குக் கிடைத்தது. 2004இல், அந்தக் கூடம் இருந்த தெருவின் ஒரு பகுதிக்குச் சிகாகோ நகரம் அவர் பெயரைச் சூட்டியது. 2014இல் அவர் மறைந்தார்.

பிறர் வெறுத்து எறிந்ததிலிருந்து, இடமற்றவர்களுக்கு விடியும்வரை ஓர் இடம் அமைத்துக் கொடுத்தார் அவர். படைப்பு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எங்களிடம் இல்லை. நண்பரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.