மின்மினிகளுக்கு மேலே ஓர் ஊர்

கோலசிலாங்கூர் பயணம் என்றால் நம் குடும்பங்களுக்கு ஒரே அட்டவணைதான். மாலையில் புக்கிட் மெலாவத்தி குன்றில் குரங்குகள், பிறகு ஆற்றோரக் கடையில் மீன் சாப்பாடு, இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினிகள். போன மாதம் நானும் அப்படித்தான் போனேன். பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக விட்டு விட்டு மின்னின. ஆனால் மறுநாள் காலை வீடு திரும்பாமல், ஆறு வரும் திசையிலேயே காரை விட்டேன்.

காரணம் ஒரு சொல். சில ஆண்டுகளுக்கு முன் காலை நிகழ்ச்சியில், தலை வாராமல் வந்த சக அறிவிப்பாளரை "சக்காய் மாதிரி இருக்கே" என்று கிண்டல் செய்தேன். தோட்டத்தில் பாட்டி சொல்லிக் கேட்ட சொல். நிகழ்ச்சி முடிந்ததும் கோலகுபு பாருவிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். "என் மருமக தெமுவான் பொண்ணு தம்பி. தமிழ் நல்லாப் புரியும். இன்னைக்கு எழுந்துபோய் ரேடியோவை அடைச்சிட்டா. நம்மள 'கிளிங்'னு சொன்னா எப்படி இருக்கும்?" பதில் சொல்ல வாய் வரவில்லை.

பெஸ்தாரி ஜெயாவை நம் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றுதான் சொல்கிறார்கள். அதைத் தாண்டினால் இருபுறமும் செம்பனை. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மிஞ்ஞாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராடியது இந்தப் பகுதியில்தான். "மூன்று தலைமுறையாக இங்கே உழைத்தோம், எங்கள் கோயிலும் சுடுகாடும் இங்கேதான்" என்பதே நம் தோட்ட மக்கள் எங்கும் வைத்த வாதம். நியாயமான வாதம். ஆனால் அதே வாதத்தை நமக்கு முன்பிருந்தே வைக்க உரிமையுள்ளவர்கள் இந்த ஆற்றின் மேல்முனையில் இருக்கிறார்கள். உத்தரவு வெள்ளைக்காரனுடையது என்றாலும், காட்டை அழித்துக் கித்தா நட்ட கைகளில் நம் தாத்தாக்களின் கைகளும் உண்டு.

கோலகுபு பாருவுக்கு மேலே சிலாங்கூர் ஆற்று அணை. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்களுக்கு இங்கிருந்தும் தண்ணீர் வருகிறது. 2000-ஆம் ஆண்டையொட்டி இது கட்டப்பட்டபோது, மின்மினிகள் என்னாகும் என்று பலர் கவலைப்பட்டார்கள். கெராச்சி, பெர்தாக் ஆகிய இரு தெமுவான் கிராமங்களோ இடம் பெயர்ந்தன. கல்வீடு கிடைத்தது, காடு கிடைக்கவில்லை.

1954-ஆம் ஆண்டின் பூர்வக்குடியினர் சட்டம், மாநில அரசு நிலத்தை எடுத்துக்கொண்டால் பயிருக்கும் மரத்துக்கும் இழப்பீடு பேசுகிறது. நிலம் அவர்களுடையது என்று பேசவில்லை. 1995-இல் டிங்கில், புக்கிட் தம்போயில் நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த தெமுவான் மக்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சாகோங் தாசி வழக்கு என்று பெயர். 2002-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றமும் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிலம் அவர்களுக்கே உரியது என்றன. 2009-இல் சிலாங்கூர் அரசு தன் மேல்முறையீட்டை மீட்டுக்கொண்டது. 2010-இல் 65 லட்சம் வெள்ளிக்குச் சமரசம் ஆனது. மனித உரிமை ஆணையமான சுஹாகாம், தேசிய விசாரணை நடத்தி 2013-இல் 18 பரிந்துரைகள் தந்தது. ஆனாலும் 2021-இல் வட கோல லங்காட் காட்டின் பெரும்பகுதி ஒதுக்கீட்டிலிருந்து நீக்கப்பட்டது. அங்குள்ள பூர்வக்குடியினரும் பொதுமக்களும் எதிர்த்த பிறகே அரசு பின்வாங்கியது. ஒவ்வொரு முறையும் அவர்கள் போராடித்தான் பெற வேண்டுமா?

ஆஸ்திரேலியப் பிரதமர் 2008-இல் நாடாளுமன்றத்தில் பூர்வக்குடிகளிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு நிலத்தைத் திருப்பித் தராது. ஆனால் நடந்தது தவறு என்று ஒப்புக்கொள்ளாமல் அடுத்த பேச்சு தொடங்காது.

நானும் அங்கேதான் தொடங்க வேண்டியிருந்தது. ஒரு கூடை பழத்தோடு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். மருமகள் தேநீர் கொண்டுவந்தார். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"உங்க பாட்டி எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னேன்.

"இப்ப அங்க என்ன இருக்கு?"

"செம்பனை. லயம் இல்ல. கோயில் மட்டும் இருக்கு."

"எங்க பாட்டியோட டுரியான் மரமெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கு" என்றார். பிறகு, "டீ ஆறுது, குடிங்க" என்றார்.