அழகர் வராத வருஷத்து வண்டியூர்

ஊரை விட்டுப் போனபிறகு மதுரை வண்டியூர் எனக்கு வருஷத்தில் சித்திரைத் திருவிழாவின் இரண்டு நாள்தான். வைகையில் இறங்கின அழகர் அன்று ராத்திரி எங்கள் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்குவார். மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்ப்பார். சர்க்கரைச் செம்பு, துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், விடிய விடியக் கூட்டம். அது முடிந்ததும் சென்னைக்குப் பஸ் ஏறிவிடுவேன்.

2020 மார்ச்சில் அறையைப் பூட்டிவிட்டு வந்தவன் ஊரிலேயே தங்கும்படி ஆனது. அம்மாவும் அப்பாவும் பேரனைப் பார்க்கக் கோயம்புத்தூர் போய் அங்கே மாட்டிக்கொண்டார்கள். ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25 அன்றுதான் தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு. அதுவும் எங்கள் மதுரையில், அரசு ராஜாஜி மருத்துவமனையில். பயம் நிஜம். ஜூன் கடைசியில் மறுபடியும் முழு ஊரடங்கு போட்டபோது தெருமுனையைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அந்த நாட்களுக்கா ஏங்குகிறாய் என்று கேட்டால், நோய்க்கு இல்லை. அந்தத் தெருவுக்கு.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா மதியமானால் மதில் மேல் தூக்குவாளியை வைத்துவிட்டுக் கூப்பிடுவார்: "தம்பி, சாப்ட்டியாய்யா? மொச்சக் கொழம்பு இருக்கு, எடுத்துக்க." நான் மீட்டிங்கில் இருப்பேன். யார் அது என்று புனேயிலிருந்து கேட்பார்கள். வாளியை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பதால், கொல்லையில் ஒடித்த முருங்கைக்கீரையைப் போட்டுத் தருவேன். மாதக்கணக்கில் நான் தனியாக இருந்தேன் என்று சொன்னால் பெரியம்மா கோபித்துக்கொள்வார்.

மே 4, மீனாட்சி திருக்கல்யாணம். கோயிலுக்குள் பட்டர்கள் சிலர் மட்டும். ஜனங்களுக்கு இணையத்தில் நேரலை. பெரியம்மா வீட்டு டிவி அன்றைக்கென்று மக்கர் பண்ணியது. ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுபோய் மதில் மேல் வைத்தேன். அந்தப் பக்கம் மணை போட்டு உட்கார்ந்து, அம்மனுக்கு மங்கலநாண் ஏறும் நேரத்தில் பெரியம்மா புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார். பெரியப்பா குங்குமச் சிமிழைப் பிடித்தபடி நின்றார். இருவர் கண்ணிலும் தண்ணீர். லேப்டாப் விழுந்துவிடாமல் பிடித்திருந்த என் கையிலும் அட்சதை விழுந்தது.

சித்ரா பௌர்ணமிக்கு அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. வண்டியூரில் தன் காதலி துலுக்க நாச்சியார் வீட்டில்தான் அவர் தங்குகிறார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த ஆசாமி அந்த வருஷம் வரவில்லை. ஆனாலும் பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, அவரவர் நடையிலேயே சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றி ஆற்றுப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். வேலையை அப்படியே போட்டுவிட்டு நானும் நடையில் நின்றேன். அழகர் கோயிலை ஆராய்ந்து எழுதிய தொ. பரமசிவன் புத்தகத்தை ராத்திரிகளில் வாசித்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் 24-இல் அவரும் போய்விட்டார்.

2022 ஏப்ரல் 16, அழகர் மறுபடி ஆற்றில் இறங்கினார். லட்சக்கணக்கில் ஜனம். ஆபீஸ் திறந்து நான் சென்னைக்குத் திரும்பியிருந்தேன். வழக்கம்போல இரண்டு நாள் லீவில் போனேன். விருந்தாளிகள் நிறைந்த வீட்டில் பெரியம்மாவுக்கு என்னோடு பேச நேரமில்லை.

இந்தத் தடவை ஐப்பசியில் ஒரு வாரம் லீவு கேட்டிருக்கிறேன். என்ன விசேஷம் என்று மேனேஜர் கேட்டார். விசேஷம் ஒன்றுமில்லாத வாரமாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.