கோலமும் கணக்கும்

ஊதியம் கருதாது, உவகை ஒன்றையே கருதிச் செய்வது பொழுதுபோக்கு. படம் வரைதல், விளையாடுதல், கணக்குப் போடுதல் ஆகிய மூன்றும் என் பொழுதுபோக்குகள். காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் வைகறைதோறும் வாசலில் இடப்பெறும் சிக்குக் கோலத்தில் இம்மூன்றும் ஒன்றுகூடக் கண்டேன்.

ஆட்டத்தின் விதி எளிது. புள்ளிகளை நீள்சதுரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கோடு எப்புள்ளியையும் தொடலாகாது; அடுத்தடுத்த புள்ளிகளின் இடையே சாய்வாகச் சென்று, ஓரத்தில் மட்டுமே வளைந்து திரும்ப வேண்டும். எல்லாப் புள்ளிகளையும் ஒரே கோடு சூழ்ந்துவிட்டால் வெற்றி.

மூன்று வரிசைகளில் நந்நான்கு புள்ளிகள் இட்டேன். ஒரே கோட்டில் முடிந்தது. நான்கு வரிசைகளில் அவ்வாறு புள்ளிகள் இட்டேன். இரண்டு கோடுகள் வேண்டியிருந்தன. மூன்று வரிசைகளில் அவ்வாறு புள்ளிகள் இட்டபோதோ கோடுகள் மூன்றாயின. காரணம் யாது? தாள்கள் பல நிரம்பிய பின்னர் உண்மை விளங்கிற்று. வரிசைகளின் எண்ணுக்கும், ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணுக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கோடுகளே அமையும்! பாடநூலில் பயின்ற கணக்கு வாசலிலே மறைந்திருந்தது கண்டு பெருமகிழ்ச்சி எய்தினேன்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, கோலத்தின் விதிகளைக் கணிப்பொறியியல் நோக்கில் ஆராய்ந்து 1974-இல் கட்டுரை வெளியிட்டனர். இன்று கணிப்பொறித் திரையில் நாம் ஆடும் விளையாட்டுகளின் உருவங்களும் எண்ணாலும் விதியாலும் வரையப்படுவனவே.

அரிசிமாக் கோலத்தை எறும்புகள் உண்டுவிடும். அதில் கண்ட உண்மையோ அழியாது. மாணவர்களே, ஐந்து வரிசைகளில் எவ்வேழு புள்ளிகள் இடுங்கள். கோடுகள் எத்தனை என்று முதலில் கணித்துவிட்டு, பின்னர் வரைந்து பாருங்கள்.