இன்னும் ஒரு டேக்

கதை எழுதிக்கொண்டிருந்து இயக்குநர் ஆனவன் நான். என் முதல் படப்பிடிப்பில் ஒரு பனையேறி மரத்திலிருந்து விழுந்தார். அவரை ஏறச் சொன்னது நான். சொல்லவே இல்லை என்று சாதித்ததும் நான்.

கேரள எல்லையில், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையில், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்தேன். கதை எழுதித் திரிந்த எங்கள் கூட்டத்துக்கு மலையாளத் திரைக்கதை எழுத்தாளர் லோகிததாஸ்தான் ஆதர்சம். 1987-ல் ‘தனியாவர்த்தனம்’, 1989-ல் ‘கிரீடம்’. இரண்டும் அவர் எழுத்து. இயக்கம் சிபி மலயில். ‘கிரீடம்’ படத்தில் வரும் வெள்ளாயணிப் பாலம் எங்களுக்குப் பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரம். அவர் பத்து வருடம் எழுதிய பிறகுதான் 1997-ல் ‘பூதக்கண்ணாடி’யை இயக்கினார். அந்தப் பத்து வருடத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. எழுதத் தெரிந்தவனுக்கு இயக்கவும் தெரியும் என்று நினைத்தேன்.

நான் இயக்குநர் ஆவதற்கு முன்பு எழுதிய ஒரு படத்தில், மழை விட்டதும் பனையேறும் காட்சியை ஆபத்து என்று இயக்குநர் வெட்டினார். அவரைக் கோழை என்று மேடையிலேயே பேசினேன். அவர் செய்தது சரி. அதே காட்சியை என் படத்தில் வைத்தேன். எழுதியபடியே எடுத்துக் காட்டவேண்டும் என்ற வீம்பு.

அன்று மழை விட்டு மேற்கே வெளிச்சம் வந்திருந்தது. ஒரு டேக் முடிந்தது. அதுவே போதும் என்று உதவி இயக்குநர் சொன்னாள். எனக்கு அந்த வெளிச்சம் இன்னொரு முறை வேண்டும். பனையேறிப் பெரியவர் மரம் ஏறக் காலில் மாட்டும் திளாப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மரம் உரசிக் காய்த்த மார்பில் ஈரம். “மரம் நனைஞ்சு கெடக்கு மக்கா. நாளைக்குப் பாப்போமா?” என்றார். அக்கானி என்கிற பதநீர் இறக்கியே வாழ்ந்தவர். நனைந்த பனை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. “ஒரே ஒரு தடவை மாமா” என்றேன். மாமா என்று கூப்பிட்டால் மறுக்கமாட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன். இடுப்பில் கயிறு கட்டச் சொல்லவில்லை. ஷாட்டில் கயிறு தெரியும்.

பாதி மரத்தில் கால் வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது.

என்ன நடந்தது என்று ஆஸ்பத்திரியில் தயாரிப்புத் தரப்பு கேட்டது. “பேக்கப் சொல்லியாச்சு. அவராத்தான் ஏறினார்” என்றேன். யோசிக்காமல் வந்த பொய் இல்லை. படம் நின்றுவிடும், இனி யாரும் வாய்ப்பு தரமாட்டார்கள் என்று யோசித்துச் சொன்ன பொய். உதவி இயக்குநர் உண்மையைச் சொன்னாள். அவளுக்கு என்மேல் கோபம், அதனால் சொல்கிறாள் என்றேன். அவளை அனுப்பிவிட்டார்கள். பெரியவரிடம் கேட்டபோது என்னைப் பார்த்தார். பிறகு “ஆமா” என்றார். நான் தலையைக் குனியக்கூட இல்லை.

அந்த ஒரு “ஆமா”வால் அவருக்கு இழப்பீடு இல்லாமல் போயிற்று. அப்பாவைப் பார்த்துக்கொள்ள மகள் அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலை வேலையை விட்டாள். அவர் பிறகு மரம் ஏறவில்லை. நான் அவ்வப்போது பணம் கொடுத்தேன். அதை உதவி என்று ஊர் சொன்னது. சொல்லட்டும் என்று இருந்தேன்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. ஜே.சி. டேனியலைப் பற்றி நான் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். நிலத்தை விற்று முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ எடுத்தவர். எழுதியதும் இயக்கியதும் அவரே. 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் இறந்தார். 1992 முதல் அவர் பெயரில் கேரள அரசு விருது கொடுக்கிறது. அந்தப் படத்தில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் பி.கே. ரோசியைத் திருவனந்தபுரத்திலிருந்தே விரட்டினார்கள். கேமராவுக்கு முன்னால் நிற்கும் ஏழைதான் கடைசியில் விலை கொடுக்கிறார் என்று முழங்கிக் கைதட்டு வாங்கினேன். பெரியவர் படுக்கையில் கிடந்த காலத்திலும் பேசினேன்.

படத்தில் இருப்பது முதல் டேக்தான். இரண்டாவதற்குத் தேவையே இருக்கவில்லை.

தயாரிப்பாளருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உதவி இயக்குநரிடம் போனில் சொன்னேன். கேட்டுவிட்டு, பதில் பேசாமல் வைத்துவிட்டாள். பெரியவரிடம் இன்னும் போகவில்லை. இந்தக் கட்டுரை அச்சில் வந்த பிறகு போகலாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன். காரணம் பயம்தான்.