கதவோர வெளிச்சம்

டேவிட் லீன் 'மழை' என்று குரல் கொடுத்தார், மழை பெய்தது. கிதுல்கலவில் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படப்பிடிப்பு. பள்ளிக்கூடச் சுற்றுலா போயிருந்த மட்டக்களப்புப் பொடியன் ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வானத்தையே வேலை வாங்கலாம் என்றால், நானும் படம்தான் எடுக்கப்போகிறேன் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டான். அமிர்தகழியில் 1939இல் பிறந்த அந்தப் பொடியன்தான் பாலு மகேந்திரா.

1957இல் வெளியான அந்தப் படத்துக்காக அதன் ஒளிப்பதிவாளர் ஜக் ஹில்ட்யார்ட் ஒஸ்கார் வாங்கினார். ஹொலிவுட்டில், இல்லாததை உண்டாக்குவதே கமராக்காரனின் கெட்டித்தனம். ஊமைப்படக் காலத்து ஃபிலிமில் நீலக் கண்கள் வெளிறிப்போகும். சீனாவில் பிறந்த ஜேம்ஸ் வொங் ஹோவ், கறுப்பு வெல்வெட் துணியில் ஓட்டை போட்டு, அதற்குள்ளால் கமராவைப் பார்க்கவைத்தார். துணியின் கறுப்பு, நீலக் கண் நடிகையின் கண்ணில் விழுந்து கண் கறுத்தது. அந்த மூளையை நான் கும்பிடாத குறையாக மதிக்கிறேன்.

செயற்கை மழை பார்த்து ஆசைப்பட்டவர், தன் தொழிலில் போனதோ வேறு வழி, இருக்கிற வெளிச்சத்தை நம்புகிற வழி. புனே திரைப்படக் கல்லூரியில் படித்து 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். 'கோகிலா', 'மூன்றாம் பிறை' இரண்டின் ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது. ஆனால் அவரை அறிய அவர் எடுத்த 'வீடு' படத்தைப் பார்க்க வேண்டும். பூசாத சுவர், கதவு போடாத நிலை, அதற்குள்ளால் வருகிற பகல். அந்தப் பகலில் நடிகை அர்ச்சனாவின் முகம் மாநிறமாகவே இருக்கிறது. பவுடர் அப்பி வெள்ளையாக்கவில்லை. எங்கள் ராத்தாமார், சாச்சிமார் நிறம் அது. அந்த நிறத்தைத் திரையில் அழகென்று நிறுத்தியதற்காகவே அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது? கிழக்குக் கரையிலிருந்துதான் என்பது என் நம்பிக்கை. மருதமுனையில் கைத்தறிக் கொட்டிலுக்குள் போய்ப் பாருங்கள். உள்ளே இருட்டு, பல்ப் எரியும். ஆனாலும் இரண்டு நூலின் சாயம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, நெய்கிறவர் எழும்பிக் கதவடிக்கு வருவார். நூலை விரலில் சுற்றி, வெயில் நேரே படாமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பல்ப்பை நம்பமாட்டார். அமிர்தகழிக்கும் எங்களுக்கும் ஒரே கடல். விடியற்காலையில் சூரியன் முகத்துக்கு நேரே எழும்புகிற ஒரே கரை. இங்கே வளர்கிறவனுக்கு வெளிச்சத்தின் தரம் பிரித்துப் பார்க்கத் தனியாகப் பாடம் வேண்டியதில்லை.

பாலு மகேந்திரா 2014இல் சென்னையில் காலமானார். இன்று கல்முனைக் கலியாண வீடுகளில் கமரா பிடிக்கிற தம்பிமார், மணப்பெண் முகம் வெளுக்கும்வரை விளக்கைக் கூட்டுகிறார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள், சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஒரு பின்னேரம் மண்டபம் ஒன்றில் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து 'வீடு' படத்தைப் போட்டுக் காட்டினால், அடுத்த கலியாணத்தில் யாராவது ஒரு தம்பி பெண்ணை ஜன்னல் பக்கம் திரும்பி இருக்கச் சொல்லுவான்.